காஷ்மீரச் சால்வையின் கதை

கம்பளி என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரார்க்கு முதலில் நினைவு வருவது குளிர் அன்று, அரிப்பு! முருங்கை மரத்தடியில் விளையாடிக் கம்பளிப்பூச்சியிடம் அகப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? தாத்தாக்கள் ரயில் பயணத்திற்கு எடுத்துச் செல்லும் கறுப்புக் கம்பளியும் ஏறக்குறைய அதே குணம் உடையதுதான். போர்த்தினால் குத்தும், போர்த்தாவிட்டால் குளிரும். இந்த அனுபவத்தோடு தில்லிக்குப் படிக்க வரும் நமக்கு முதல் மார்கழியிலேயே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தோளில் மூட்டை சுமந்து தெருத்தெருவாக வரும் காஷ்மீர வியாபாரிகள் விரித்துக் காட்டும் சால்வையைக் கையில் வாங்கினால் எடையே தெரிவதில்லை. கன்னத்தில் வைத்தால் குத்துவதில்லை. சற்று நேரத்தில் உள்ளங்கை வெதுவெதுக்கிறது. "பஷ்மினா" என்கிறார்கள். விலை கேட்டால்தான் குழப்பம். ஒருவர் ஆயிரம் ரூபாய்க்குள் தருகிறார். மற்றொருவர் பல்லாயிரம் என்கிறார். இருவர் வைத்திருப்பதும் பஷ்மினாவாம்!

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்கள், அம்மாவுக்கென்றோ ஆசிரியருக்குப் போர்த்தவென்றோ வாங்கிய சால்வையை என்னிடம் கொண்டுவந்து, "நீ இரசாயனம் படிக்கிறாயே, இது அசலா என்று சொல்" எனக் கேட்பது ஆண்டுதோறும் நடக்கிறது. தனித்தனியே சொல்லும் விடையை எல்லோர்க்குமாகச் சங்கத்தின் மலரிலேயே எழுதிவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் "அசல் எது?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை இல்லை. அதற்கு ஆட்டிலிருந்து தொடங்கி, அரசர்களைக் கடந்து, நூல் நூற்கும் பெண்ணின் கைவரையில் வரவேண்டும்.

பெயரும் பிறப்பிடமும்

"பஷ்ம்" என்பது பாரசீகச் சொல். கம்பளி மயிர் என்பது அதன் பொருள். அதனால் ஆனது பஷ்மினா. நாம் நாள்தோறும் வழங்கும் "சால்வை" என்ற சொல்லும் "ஷால்" என்ற பாரசீகச் சொல்லின் உறவே. மயிரால் நெய்த துணி தமிழர்க்கு முற்றும் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையின் அறுவை வீதியைக் காட்டும் இளங்கோவடிகள், பருத்தியோடும் பட்டோடும் மயிரையும் சேர்த்தே கூறுகிறார். ஆயினும் நாம் பேச எடுத்துக்கொண்ட மயிர் வெகு தொலைவிலிருந்து வருவது.

ஐரோப்பியர் இத்துணிக்குக் காஷ்மீரத்தின் பெயரையே இட்டனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மயிரைத் தரும் ஆடு காஷ்மீரப் பள்ளத்தாக்கில் வாழ்வதில்லை. லடாக்கின் கிழக்கே, திபெத்தை ஒட்டிக் கிடக்கும் சாங்தாங் என்னும் பீடபூமியே அதன் வீடு. கடல் மட்டத்திலிருந்து 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். அதாவது நம் தொட்டபெட்டாச் சிகரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மரம் இல்லை, மழை அரிது, காற்று ஓய்வதில்லை. குளிர்காலத்து இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30, 40 பாகைவரை இறங்கும். அங்கே சாங்பா என்னும் மேய்ப்பர்கள், கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு புல் உள்ள இடம் தேடி ஆண்டு முழுதும் இடம் மாறுகிறார்கள்.

அந்தக் குளிரைத் தாங்க ஆட்டுக்கு இயற்கை இரண்டு உடுப்புகளைத் தந்திருக்கிறது. வெளியே நீண்ட கரட்டு மயிர். உள்ளே, தோலை ஒட்டிப் பஞ்சுபோன்ற மென்மயிர். இந்த உள்மயிர்தான் பஷ்ம். கோடை தொடங்கும்பொழுது அது தானே கழலத் தொடங்குகிறது. அப்பொழுது மேய்ப்பர்கள் ஆட்டைப் படுக்க வைத்துச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டில் கிடைப்பது சில நூறு கிராம்தான். கரட்டு மயிரையும் மண்ணையும் நீக்கினால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். லடாக் முழுவதிலும் ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 50 டன். இன்று உலகச் சந்தையில் காஷ்மீர் என்ற பெயரால் விற்கும் மயிரில் மிகப் பெரும்பகுதி சீனமும் மங்கோலியாவும் தருவது. இந்தியாவின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. காஷ்மீரத்தின் பெருமை அளவில் இல்லை. அதைத் தொடும் கைகளில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மென்மை ஏன்? வெம்மை ஏன்?

முதலில் என் பாடத்துக்குரிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். உயர்ந்த மெரினோ செம்மறிக் கம்பளி 20 மைக்ரான் அளவில் நிற்கும். பஷ்ம் 12 முதல் 16 வரை. "நாலைந்து மைக்ரான் வேறுபாட்டில் என்ன வந்துவிடும்?" என்று கேட்கத் தோன்றும். வருகிறது. ஓர் இழை வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 28 மைக்ரான் இழையை விட்டத்தில் பாதியாக்கி 14 ஆக்கினால், அதன் விறைப்பு பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! கரட்டுக் கம்பளியின் இழைமுனை தோலில் பட்டால் வளையாமல் ஊசிபோல் நிற்கிறது. அதுதான் குத்தல், அதுதான் அரிப்பு. சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகளே இந்தக் குற்றவாளிகள். பஷ்ம் இழையோ தோலில் பட்டவுடன் பணிந்து வளைந்துவிடுகிறது. தாத்தாவின் கம்பளிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இந்த நான்காம் அடுக்கில் அடங்கியிருக்கிறது.

வெம்மையின் கதை வேறு. கம்பளி சூட்டைத் தருவது என்று நாம் பேச்சுவழக்கில் கூறுகிறோம். உண்மையில் அது நம் உடல் தரும் சூட்டைக் காப்பாற்றுகிறது. அசையாத காற்று சூட்டைக் கடத்துவதில் மிகச் சோம்பேறி. சுருண்டு நெளிந்த மெல்லிழைகள் ஆயிரமாயிரம் கூடும்பொழுது, அவற்றின் இடையே காற்று சிறு சிறு அறைகளில் சிறைப்பட்டு அசையாமல் நிற்கிறது. நம் ஊர் ஓலைக்கூரை வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதும் இதே தந்திரத்தால்தான். அங்கே சூடு உள்ளே வராமல் நிற்கிறது. இங்கே வெளியே போகாமல் நிற்கிறது. இழை மெல்லியதாக ஆக, அதே எடையில் அதிகக் காற்று சிறைப்படும். ஆகவேதான் எடையற்ற சால்வை எடைமிக்க போர்வையோடு போட்டியிடுகிறது.

இன்னும் ஒன்று. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை, நனைந்ததாகத் தோன்றாமலே, உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கும்பொழுது சிறிது வெப்பம் வெளிப்படுகிறது. வறண்ட அறையிலிருந்து பனிமூட்டம் நிறைந்த வெளிக்குச் சால்வையோடு போனால், அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே நமக்குச் சூட்டைத் திருப்பித் தருகிறது. செயற்கை இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பண்பு மிகக் குறைவு.

இவை அனைத்திற்கும் அடிப்படை கெரட்டின் என்னும் புரதம். நம் நகமும் மயிரும் மாட்டின் கொம்பும் அதே இனம். 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்ற விஞ்ஞானி கம்பளி இழையை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார். இழுக்காத இழை ஒரு படத்தையும் இழுத்த இழை வேறொரு படத்தையும் காட்டின. அதன் மூலக்கூறு சுருள்வில்லைப்போல் மடங்கியிருக்கவேண்டும் என்ற எண்ணத்திற்கு அது வழிகாட்டிற்று. 1951-இல் பாலிங் முதலியோர் அந்தச் சுருளின் வடிவை வரையறுத்தனர். புரதங்களின் அமைப்பை ஆராயும் பெரிய துறையின் வாயிலில் ஓர் ஆட்டுமயிர் கிடந்தது என்றால் மிகையாகாது.

கையின் வேலை

இனிக் காஷ்மீரத்திற்கு வருவோம். மலை கடந்து வரும் பஷ்மைப் பெண்கள் வாங்கிக் கரட்டு மயிரை விரலாலேயே பொறுக்கி நீக்குகிறார்கள். பிறகு நிமிர்த்தி நட்ட மரச்சீப்பில் வாருகிறார்கள். நனைத்துப் பொடித்த அரிசிமாவில் இட்டு ஊறவைக்கிறார்கள். நமக்குச் சோறான அரிசி அங்கே கம்பளிக்கும் உரம் ஊட்டுகிறது! உலர்ந்தபின் மாவை உதறிவிட்டு, "யிந்தர்" எனப்படும் கைராட்டையில் நூற்கிறார்கள். இழை சிலந்தி நூலைப்போல் வருகிறது. இரண்டு இழைகளை முறுக்கி ஒன்றாக்கிய பிறகே அது தறிக்குப் போகிறது. பாவு ஓட்டுபவர், அச்சில் கோப்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயம் இடுபவர், ஊசிவேலை செய்பவர், கிழிசல் தைக்கும் ரஃபூகர் என்று, ஒரு சால்வை பிறப்பதற்குள் பல கைகளைக் கண்டுவிடுகிறது.

இவற்றுள் வியப்புக்குரியது கானி நெசவு. அதில் குறுக்கே ஓடும் ஓடம் கிடையாது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு சிறு மரக்குச்சியில் நூல் சுற்றியிருக்கும். நூற்றுக்கணக்கான குச்சிகள் தறியில் தொங்கும். சித்திரத்தில் சிவப்பு வரும் இடம்வரை சிவப்புக் குச்சியை நுழைத்து, அங்கே அதை மஞ்சளோடு கோத்து, மஞ்சளைத் தொடர வேண்டும். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி. பெரிய வேலைப்பாடு கொண்ட சால்வைக்கு ஓர் ஆண்டும் போதாது.

இத்தனை நிறக் கணக்கை நெசவாளர் எப்படி நினைவில் கொள்கிறார்? கொள்வதில்லை; படிக்கிறார். நக்காஷ் என்பவர் சித்திரம் வரைவார். தராஹ் குரு என்பவர் அதைப் பார்த்து, கீழிருந்து மேலாக, எத்தனை இழைக்கு எந்த நிறம் என்று சொல்லிக்கொண்டே போவார். தாலிம் குரு அதைத் தனிக் குறிகளால் எழுதிக்கொள்வார். அந்தத் தாளுக்குத் தாலிம் என்றே பெயர். பாட்டைக் கேளாதவரும் சுர எழுத்தைப் பார்த்துப் பாடிவிடுவதுபோல், சித்திரத்தைக் காணாத நெசவாளரும் தாலிமைப் பார்த்து நெய்துவிடுவார். கணக்கியந்திரத்திற்குக் கட்டளை எழுதும் நம் நண்பர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். ஒரு பூவை எண்களாக மாற்றி, அந்த எண்களை மீண்டும் பூவாக்கும் கலை, ஸ்ரீநகரத்துச் சந்துகளில் வெகுகாலமாகவே நடந்து வருகிறது.

அரசர் போர்த்தியதும் ஐரோப்பா மயங்கியதும்

இத்தொழிலை வளர்த்தவர் 15-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் என்பது மரபு. மொகலாயர் காலத்தில் அது உச்சியை எட்டியது. அக்பர் சால்வைகளில் பெருவிருப்பம் கொண்டிருந்ததை அபுல் ஃபஸல் தம் அயினி அக்பரியில் விரிவாக எழுதியிருக்கிறார். மறுபுறம் தெரியாதபடி இரண்டு சால்வைகளை முதுகோடு முதுகு சேர்த்துப் போர்த்தும் "தோஷாலா" வழக்கம் அக்காலத்தில் சிறப்புற்றது. தகுதி உடையவர்க்கு அரசர் கையால் உடை வழங்குவது அக்கால அரசவை மரியாதை. அந்த உடைகளில் சால்வைக்குத் தனி இடம் இருந்தது. ஔரங்கசீப்போடு 1665-இல் காஷ்மீரம் சென்ற பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர், பாட்னாவிலும் ஆக்ராவிலும் லாகூரிலும் இதேபோல் நெய்ய முயன்றும் அந்த மென்மை கைகூடவில்லை என்றும், காஷ்மீரத்துத் தண்ணீரின் குணம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

மயிர் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு உடன்படிக்கைகளே சாட்சி. லடாக்குக்கும் திபெத்துக்கும் நடந்த போரின் முடிவில், 1684-இல் டிங்மோஸ்காங் என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக்கின் வழியே காஷ்மீருக்கு மட்டுமே செல்லவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 1834-இல் ஜம்முவின் குலாப் சிங்கினுடைய தளபதி ஜோராவர் சிங் லடாக்கின்மேல் படையெடுத்ததற்கும் இவ்வணிகத்தின்மேல் வைத்த கண் ஒரு காரணம். பின்னர் 1846-இல், ஆங்கிலேயர் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி 75 லட்சம் ரூபாய்க்குக் காஷ்மீரத்தை அதே குலாப் சிங்குக்கு விற்றனர். அவர் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கப்பம் யாது தெரியுமா? ஒரு குதிரை, பஷ்ம் தரும் ஆடுகள் பன்னிரண்டு, காஷ்மீரச் சால்வைகள் மூன்று ஜோடி! ஆறு கிடாய், ஆறு பெட்டை என்று ஆட்டின் கணக்கும் அதில் எழுதப்பட்டிருந்தது.

ஐரோப்பாவில் இந்த மோகம் பரவியது நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்த 1798-க்குப் பிறகு. அங்கிருந்து அதிகாரிகள் கொண்டுசென்ற சால்வைகள் பாரிஸ் நகரத்துப் பெண்களைக் கவர்ந்தன. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் அவற்றை ஏராளமாகச் சேர்த்தாள். விரும்பியதை வாங்கியவர்கள் பிறகு அதைத் தாமே செய்யவும் முனைந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் மூர்கிராஃப்ட், 1812-இல் யாத்திரிகர் வேடத்தில் மேற்குத் திபெத் சென்று ஆடுகளை வாங்கிவந்தார். பிரெஞ்சுக்காரர்களும் 1819-இல் ஆடுகளைக் கப்பலில் இறக்கினார்கள். அங்கே ஆட்டுப்பண்ணை செழிக்கவில்லை. ஆனால் தறி செழித்தது. அட்டையில் துளையிட்டுச் சித்திரத்தைத் தறிக்குக் கற்பிக்கும் ஜக்கார்டு இயந்திரம் 1804-ஐ ஒட்டித் தோன்றியது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊர் காஷ்மீரச் சால்வையைப்போலவே மலிவாக நெய்து குவித்தது. முடிவில் அந்த வளைந்த மாங்காய் வடிவத்திற்கே "பெய்ஸ்லி" என்று பெயர் வந்துவிட்டது! நம் காஞ்சிபுரச் சேலையில் மாங்காய் என்றும் காஷ்மீரில் பூட்டா என்றும் வழங்கும் ஒரு வடிவம், அதை நகல் செய்த ஊரின் பெயரால் உலகில் அழைக்கப்படுகிறது. பெயரும் ஒரு செல்வந்தான், அதுவும் கைமாறும்.

சால்வையின் மறுபுறம்

இதுவரை சொன்னது சால்வையின் மேற்புறம். தோஷாலாவில் தைத்து மறைக்கும் மறுபுறம்போல், இத்தொழிலுக்கும் ஒரு மறுபுறம் உண்டு.

காஷ்மீரத்தை ஆண்டவர்கள் மாறினார்கள். ஆனால் நெசவாளர்மேல் விழுந்த வரி குறையவில்லை. நெய்த சால்வைக்கு முத்திரை இட்டு வரி வாங்குவதற்கென்றே தாக்ஷால் என்ற இலாகா இருந்தது. நெசவாளர் தம் எஜமானரை விட்டு விலகவோ, தொழிலைக் கைவிடவோ எளிதில் முடியாது. அரசிகளின் தோளில் புரண்ட துணியை நெய்தவர்கள் அரைவயிற்றுக் கஞ்சிக்கு ஏங்கினார்கள். 1865 ஏப்ரல் 29-ஆம் நாள், ஸ்ரீநகரில் ஜால்டகர் என்ற இடத்தில் அவர்கள் ஊர்வலமாகத் திரண்டு முறையிட்டார்கள். படைவீரர்கள் அவர்களை விரட்டித் தாக்கினார்கள். தப்ப வழியின்றிக் கால்வாயில் விழுந்து மாண்டவர் பலர். இந்நாட்டின் தொழிலாளர் போராட்ட வரலாற்றில் முன்வரிசையில் வைக்கவேண்டிய நாள் அது. ஆயினும் நம் பாடநூல்களில் சால்வைக்கு இடம் உண்டு; அந்த நெசவாளர்க்கு இடம் இல்லை.

அதன்பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. முதன்மையான சந்தையாக இருந்த பிரான்சு 1870–71-இல் பிரஷ்யாவோடு போரிட்டுத் தோற்றது. நாகரிகமும் மாறியது. சால்வை கேட்பார் இல்லை. 1877 முதல் 1879 வரை காஷ்மீரத்தை வாட்டிய பஞ்சம், எஞ்சிய நெசவாளர்களிலும் ஏராளமானவர்களைக் கொண்டுபோயிற்று. கானி நெசவு சில குடும்பங்களின் நினைவில் மட்டும் உயிர் வைத்திருந்து, விடுதலைக்குப் பின்னரே மெல்ல மீண்டது.

இன்றைய நிலை

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் வேலை செய்பவர் ஸ்ரீநகரத்து மாணவர். அவருடைய பாட்டியார் பஷ்ம் நூற்றுக் குடும்பத்தைக் காத்தவர். கணவர் கையை எதிர்பாராமல், வீட்டைவிட்டு வெளியே போகாமல், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தை ராட்டையிலேயே ஈட்டினாராம். தாயாரும் சில காலம் நூற்றார். பிறகு ராட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். காரணம் கேட்டேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். நூற்ற இழைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து முடிச்சிட்டு, முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி தருவது வழக்கம். அரிசி விலை, எண்ணெய் விலை எல்லாம் பலமுறை ஏறின. முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்ற கூலியோ பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. நாள் முழுதும் கண்ணைக் கூர்மையாக்கி நூற்றாலும் ஒரு கூலியாளின் நாட்கூலியில் பாதியும் தேறாது. "அம்மா கோபித்துக்கொண்டு விடவில்லை, கணக்குப் போட்டு விட்டுவிட்டார்" என்றார் நண்பர்.

ராட்டை பரணேறியது ஏன் என்பதற்கு இயந்திரமும் ஒரு காரணம். பஷ்ம் இழை மிகக் குட்டை; வலிமையும் குறைவு. இயந்திரத்தின் வேகத்தில் தனியே நூற்றால் அறுந்துவிடும். ஆகவே ஆலையில் நைலானைக் கலந்து நூற்று நெய்துவிட்டு, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு நைலானை மட்டும் கரைத்து எடுக்கும் முறை ஒன்று வந்தது. நைலானும் கம்பளியும் இரசாயனத்தில் பங்காளிகள். இரண்டிலும் உள்ளது ஒரே வகைப் பிணைப்பு. ஆனால் கம்பளியில் கந்தக அணுக்கள் குறுக்குப் பாலங்கள் கட்டியிருப்பதால் அது அமிலத்தைத் தாங்கிக்கொள்கிறது, நைலான் கரைந்துவிடுகிறது. தாங்குகிறது என்றாலும் காயமின்றித் தப்புவதில்லை. அமிலம் பட்ட இழையின் வலிமை குன்றும். கையால் நூற்ற சால்வை பேத்தியின் தோளுக்கும் வந்து சேரும். அமிலத்தில் குளித்த சால்வையிடம் அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது. கடையில் மடித்து வைத்திருக்கும்பொழுது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலையில் மட்டும் பெரிய வேற்றுமை. வாங்குபவர் எதை எடுப்பார்? விசைத்தறியோடு போட்டியிட்டுக் களைத்த நம் ஊர்க் கைத்தறிக்காரரைக் கண்டவர்க்கு இந்த நோய் புதிதன்று.

மலைமேலும் தொல்லை உண்டு. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் திபெத்திலிருந்து வந்த பஷ்ம் நின்றது; பழைய மேய்ச்சல் நிலங்கள் சிலவும் கைவிட்டுப் போயின. 2013-இன் தொடக்கத்தில் பெய்த கடும்பனியில் ஆயிரக்கணக்கான ஆடுகள் தீனியின்றி மடிந்தன. மேய்ப்பரின் பிள்ளைகள் லே நகரில் படித்து அங்கேயே தங்குகிறார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை ஏது? நாமும் படிப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தாமே.

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. 2008-இல் காஷ்மீர பஷ்மினா புவிசார் குறியீடு பெற்றது. இழை 16 மைக்ரானுக்கு மேற்படாமல், கையால் நூற்று, கைத்தறியில் நெய்ததாக இருந்தால்தான் ஸ்ரீநகரத்துச் சோதனைச் சாலை முத்திரை இடும். லடாக்கின் பஷ்மினாவும் 2023-இல் தனிக் குறியீடு பெற்றது. காஷ்மீரத்து விவசாயப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் நூரி என்னும் பஷ்மினாக் குட்டியைக் குளோனிங் முறையில் பிறப்பித்தார்கள். ஆட்டைப் பெருக்க விஞ்ஞானம் இருக்கிறது. நூற்பவரின் கூலியைப் பெருக்க வாங்குபவரின் மனமும் வேண்டியிருக்கிறது.

அசலை அறிவது எப்படி?

இனி நண்பர்கள் கேட்கும் கேள்விக்கு நேர் விடை.

மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவார்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. மெல்லிய பட்டும் விஸ்கோஸும்கூட மோதிரத்தில் நுழையும். ஓர் இழையை எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, எச்சம் விரலில் நசுங்கிப் பொடியானால் அது விலங்கின் மயிர். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. ஆனால் செம்மறியா வெள்ளாடா என்பதை நெருப்புச் சொல்லாது. மைக்ராஸ்கோப் சொல்லும். செம்மறிக் கம்பளியின் மேல் செதில்கள் நெருக்கமாகவும் தடித்த விளிம்போடும் இருக்கும். பஷ்மின் செதில்கள் தள்ளித் தள்ளி, மிக மெல்லிய விளிம்போடு தழைந்திருக்கும். மைக்ராஸ்கோப்பும் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நூல் கையில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்பது. அதற்கு நெசவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைநூலில் சிறு ஏற்றத்தாழ்வு தெரியும். எல்லாவற்றினும் உறுதி, குறியீட்டு முத்திரையைக் கேட்டு வாங்குவது.

ஓர் எச்சரிக்கை. "ஷாதூஷ்" என்று எவரேனும் காதோடு காதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். அது சிரு என்னும் திபெத்திய மானின் மயிர். ஆட்டைப்போல் அதை வாரி எடுப்பதில்லை, கொன்றே எடுக்கிறார்கள். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து உயிர்கள். 1979 முதல் அதன் உலக வாணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது; இந்தியச் சட்டப்படியும் குற்றம்.

வாங்கிய பின் சலவைச் சோடாவைக் காட்டாதீர்கள். அமிலத்தைத் தாங்கும் கம்பளி காரத்தில் கரைந்துபோகும். வெந்நீரில் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சால்வை சுருங்கிக் கட்டியாகும். குளிர்ந்த நீரில் மெல்ல அலசி நிழலில் விரியுங்கள். சென்னையிலோ மதுரையிலோ பெட்டிக்குள் ஆண்டு முழுதும் கிடந்தால் பூச்சி தின்னும். அடிக்கடி எடுத்து உதறிக் காற்றாட விடச் சொல்லுங்கள்.

பணம் போதாதென்றால்? பெரும்பாலும் போதாது, மாணவர்தானே நாம். அப்படியானால் நல்ல செம்மறிக் கம்பளிச் சால்வையைச் செம்மறி என்றே சொல்லி வாங்குங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. குளிரையும் நன்றாகவே தாங்கும். ஆயிரம் ரூபாய்க்குள் "பஷ்மினா" வாங்கிவிட்டோம் என்று மகிழ்வதில்தான் தீங்கு இருக்கிறது. அந்தப் பொய்ப்பெயர் விற்கும் ஒவ்வொரு முறையும், உண்மையாக நூற்ற ஒருத்தியின் முடிச்சு விலைபோகாமல் நின்றுவிடுகிறது. நம் மேடைகளில் சான்றோர்க்குச் சால்வை போர்த்தி மரியாதை செய்கிறோம். போர்த்தப்படும் தோளின் சிறப்பைப் பேச நமக்குச் சொற்கள் நிறைய உண்டு. அடுத்த முறை, நூற்ற கைகளுக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு போய்ச் சேருமாறு விசாரித்து வாங்குவோம்.